மூன்றாவது மிடறு: பெல்ஜியப் புளிப்பு பியரைச் சுவைக்கும் முறை

முதல் மிடற்றை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இந்த அத்தியாயத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். பியர் என்ற பெயரைக் கேட்டதும் நாக்கு கசப்புக்கும் கொஞ்சம் மால்ட் இனிப்புக்கும் தயாராகிக் காத்திருக்கும். வந்து விழுவதோ எலுமிச்சைச் சாற்றுக்குத் தம்பி போல ஒன்று. கன்னத்தின் உள்பக்கம் சுருங்கும், தாடையோரம் எச்சில் ஊறும், ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும். கெட்டுப்போன சரக்கு என்று மூளை முடிவு கட்டிவிடும். இரண்டாவது மிடற்றில் அதிர்ச்சி பாதியாகக் குறையும். மூன்றாவதில்தான் உள்ளே இருப்பது என்ன என்று நாக்கு கவனிக்கத் தொடங்கும்.

எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் பிரஸ்ஸல்ஸ் மதுக்கடை ஒன்றின் வயதான பரிசாரகர். நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்தார், மூன்று விரலைக் காட்டினார், பேசாமல் போய்விட்டார். மூன்று யூரோ பாக்கி என்று நினைத்துச் சட்டைப்பையில் சில்லறை தேடினேன். குவளை பாதியாகும்போதுதான் அவர் சொன்னது விளங்கியது.

இந்தப் பியர் விஷயத்தில் நமக்கு ஒரு சாதகம் உண்டு. லாகர் மட்டுமே குடித்து வளர்ந்தவருக்குப் புளிப்பு என்றால் ஒன்றே ஒன்று. நமக்கு மாங்காய்ப் புளிப்பு வேறு, மோர்ப் புளிப்பு வேறு, பழைய புளி வேறு, புதுப்புளி வேறு. நெல்லிக்காயைக் கடித்தால் புளிப்போடு துவர்ப்பும் வருகிறது என்று பிரித்துச் சொல்ல ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். எவ்வளவு புளிப்பு என்ற கேள்வி சீக்கிரம் சலித்துவிடும். எந்தப் புளிப்பு என்று கேட்கத் தொடங்கினால் ஒரு பாட்டில் ஒரு மாலைக்குப் போதும்.

பாட்டிலைத் தொடுமுன் மூன்று டம்ளர்

பியர் வாங்குமுன் வீட்டில் ஒரு சின்னப் பயிற்சி. கட்டித் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, வடியும் தெளிநீரை ஒரு டம்ளரில் பிடியுங்கள். இரண்டாவது டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஒரு தேக்கரண்டி வினிகர் கலக்குங்கள். மூன்றாவதில், பத்து நிமிடம் ஊறவிட்டு வடித்த கடுந்தேநீர், பாலும் சர்க்கரையும் இல்லாமல்.

தயிர்த் தெளிவில் இருப்பது லாக்டிக் அமிலம். நாக்கு முழுக்க அகலமாகப் பரவும், உருண்டையான புளிப்பு, சத்தமில்லாமல் போய்விடும். வினிகரில் இருப்பது அசெட்டிக் அமிலம். வாய்க்குப் போகுமுன்னே மூக்கில் ஏறும், விழுங்கும்போது தொண்டையைப் பிடிக்கும். தேநீரில் புளிப்பே இல்லை. ஈறு வறண்டு, நாக்கு பல்லில் ஒட்டுவது போல இருக்கும். அது துவர்ப்பு, டானின் செய்யும் வேலை. இனி தயிர்த் தெளிவில் வினிகர் நீரைச் சில துளியும் தேநீரை ஒரு கரண்டியும் விட்டுக் கலந்து குடித்துப் பாருங்கள். சுவையாக இருக்காது. ஆனால் பெல்ஜியப் புளிப்பு பியரின் எலும்புக்கூடு ஏறக்குறைய இதுதான். மற்றதெல்லாம் இதன்மேல் போர்த்திய சதை.

யார் யார், எந்த ஊர்

பெல்ஜியத்தில் புளிப்பு பியர் மூன்று குடும்பமாக இருக்கிறது. லாம்பிக் குடும்பம் பிரஸ்ஸல்ஸ் நகரிலும், அதற்குத் தென்மேற்கே ஸென்னெ ஆற்றையொட்டிய பயோட்டன்லாந்து என்ற விவசாயப் பகுதியிலும் பிறந்தது. செந்நிறப் புளிப்பு பியரின் ஊர் மேற்கு ஃப்ளாண்டர்ஸ். பழுப்புப் புளிப்பு பியரின் ஊர் அவுடனார்டெ. இந்த மூன்றாவதை இரண்டு வரியில் முடித்துவிடலாம்: மரப் பீப்பாய் இல்லாமல் உலோகத் தொட்டியில் முதிர்வது, வினிகர் சாயல் குறைவு, கருப்பட்டியும் உலர்திராட்சையும் நினைவுக்கு வரும் இனிப்பு. லீஃப்மான்ஸ் ஆலையின் கோல்டன்பாண்ட் ஒன்றைக் குடித்துப் பார்த்தால் போதும்.

செந்நிறக் குடும்பத்தின் மூத்தவர் ரூஸலாரெ ஊரில் 1821-இல் தொடங்கிய ரோடன்பாக். அங்கே ஆள் உயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு உயர ஓக் மரத் தொட்டிகள், ஃபூடர் என்பார்கள், 294 நிற்கின்றன. இரண்டு ஆண்டு அதில் கிடந்த பியர் தனியே குடிக்க முடியாத அளவுக்குக் கூர்மையாகிவிடும். அதனால் புதுப் பியரோடு கலப்பார்கள். சாதாரண ரோடன்பாக்கில் முதிர்ந்தது கால் பங்கு. கிராண்ட் க்ரூ என்ற வகையில் மூன்றில் இரண்டு பங்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தால் மரமும் காலமும் ஒரு பியருக்கு என்ன செய்கின்றன என்பது பாடமாகப் புரியும். புளிப்பு பியரே வேண்டாம் என்று ஓடுகிறவர்களை நான் இந்தச் சாதாரண ரோடன்பாக்கைக் கொடுத்துத்தான் திரும்ப அழைத்து வருகிறேன்.

இந்த அத்தியாயத்தின் மீதிப் பகுதி லாம்பிக்குக்கே. என் சாய்வு அது, மறைக்கவில்லை.

ஒரு குளிர் இரவு, மூன்று கோடை

லாம்பிக் செய்முறையை முழுவதும் சொல்லப் போவதில்லை. நாக்குக்குத் தேவையான அளவு போதும். மால்ட் செய்த பார்லியோடு மால்ட் செய்யாத பச்சைக் கோதுமை, குறைந்தது 30 சதவீதம் சேர வேண்டும். மாவுச்சத்து முழுவதும் சர்க்கரையாக மாறிவிடாதபடி கஞ்சி போலக் கலங்கலாகவே சாற்றை எடுக்கிறார்கள். பின்னால் ஆண்டுக்கணக்கில் மெதுவாக உண்ணப்போகும் நுண்ணுயிர்களுக்கான சேமிப்பு அது. ஹாப்ஸ் பூவையும் புதிதாகப் போடுவதில்லை. சில ஆண்டு கிடந்து மணமும் கசப்பும் போன பழசைத்தான் நிறையப் போடுகிறார்கள். சுவைக்காக அல்ல, வேண்டாத பாக்டீரியாவை அடக்கிவைக்க.

கொதித்து முடிந்த சாறு மாடியில் இருக்கும் அகலமான, ஆழமில்லாத செப்புத் தொட்டிக்கு ஏறும். ஈஸ்ட் யாரும் போடுவதில்லை. கூரையடியில் காற்றுப் பலகைகளைத் திறந்துவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இரவெல்லாம் ஆவி பறந்து, விடியும்போது சாறு ஏறக்குறைய 20 டிகிரிக்கு வந்திருக்கும். காற்றிலிருந்து விழ வேண்டியது விழுந்திருக்கும். வெயில் காலத்தில் இது நடக்காது. சாறு சீக்கிரம் ஆறாது, காற்றிலும் வேண்டாத கூட்டம் அதிகம். அதனால் அக்டோபர் முதல் மார்ச் வரை, கொஞ்சம் முன்னே பின்னே, அதுதான் காய்ச்சும் பருவம்.

பனையில் கட்டிய கலயத்திலும் யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. சுண்ணாம்பு தடவாத கலயமானால் பால் இறங்கும்போதே நுரைக்கத் தொடங்கிவிடும். விடியலில் இனிப்பு, பொழுது சாய்வதற்குள் புளிப்பு. லாம்பிக் போவதும் அதே வழியில்தான். கள்ளில் ஒரே பகலில் நடப்பதை இவர்கள் மூன்று ஆண்டுக்கு இழுக்கிறார்கள்.

எல்லாம் ஸென்னெப் பள்ளத்தாக்குக் காற்றின் மாயம் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். பிரஸ்ஸல்ஸ் நகருக்குள் அந்த ஆற்றை 1867-க்கும் 1871-க்கும் இடையில் மூடி, மேலே அகன்ற வீதிகள் போட்டுவிட்டார்கள். நகருக்குள் அதற்குப் பிறகும் லாம்பிக் காய்ச்சிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கதையில் காற்றுக்குப் பாதி இடம் கொடுங்கள். மறுபாதி பீப்பாயின் மரத்துளைகளிலும் பழைய உத்தரங்களிலும் தலைமுறையாகக் குடியிருப்பவைக்கு. தோசைமாவு வழக்கமாக அரைத்துவைக்கும் பாத்திரத்தில் சீக்கிரம் பொங்குவதைப் பார்த்தவருக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

பீப்பாய்க்குள் நடப்பதைப் பருவம் பருவமாகக் காணலாம். முதலில் சர்க்கரையைத் தின்னும் சாதாரண ஈஸ்ட், வெண்நுரை துளை வழியே பொங்கி வழிந்து பீப்பாய் வயிற்றில் காய்ந்து ஒட்டியிருக்கும். பிறகு லாக்டிக் அமிலம் செய்யும் பாக்டீரியா. முதல் கோடையில் சில பீப்பாய்களில் பியர் வெண்டைக்காய்ச் சாறு போல வழவழத்து நூல் இழுக்கும். நோய் வந்துவிட்டது என்பார்கள், ஆனால் பதற மாட்டார்கள். அடுத்து வருவது பிரெட்டனோமைசஸ் என்ற மெதுவான ஈஸ்ட். அந்த வழவழப்பையும் மீதி மாவுச்சத்தையும் அது தின்று தீர்த்துவிடும். மேலே பாலாடை போல ஒரு ஆடை படர்ந்து காற்றைத் தடுக்கும். இந்தப் பிரெட்டனோமைசஸ்தான் லாம்பிக்கின் வாசத்துக்குச் சொந்தக்காரர். அதன் ஒரு இனத்துக்குப் பிரஸ்ஸல்ஸ் நகரின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

பீப்பாயிலிருந்து நேராக எடுத்த லாம்பிக்கில் நுரை இருக்காது, குமிழியும் இருக்காது. ஆலையிலோ நல்ல மதுக்கடையிலோ மண்ஜாடியில் கிடைத்தால் ஒரு குவளை கேட்டுக் குடித்துப் பாருங்கள். அதிலிருந்துதான் கெஸ் பிறக்கிறது. ஒரு ஆண்டு, இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு லாம்பிக்குகளைக் கலந்து, ஷாம்பெயின் போன்ற தடித்த பாட்டிலில் அடைத்துப் படுக்கவைத்தால், இளையதில் மீந்திருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் தின்று பாட்டிலுக்குள்ளேயே குமிழி உண்டாகும். இளையது உயிர் கொடுக்கிறது, மூத்தது ஆழம் கொடுக்கிறது. கலப்பவருக்கு எழுதிவைத்த அளவு எதுவும் கிடையாது. பீப்பாய் பீப்பாயாகச் சுவைத்து, கண்ணாடிக் குவளையில் சேர்த்துச் சேர்த்துப் பார்த்து முடிவு செய்கிறார். காய்ச்சவே காய்ச்சாமல், பிறரிடம் சாறு வாங்கி முதிரவைத்துக் கலப்பதை மட்டுமே தொழிலாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். பியெர்கெ ஊரின் டில்கான் அப்படிப்பட்டவர்.

கெஸ் என்று நான் எழுதுவது பிரெஞ்சு உச்சரிப்பு. ஃப்ளெமிஷ்காரர் தொண்டையைக் காறுவது போன்ற ஒரு ஹகரத்தோடு தொடங்குவார். கடையில் எப்படிச் சொன்னாலும் புரியும், கவலை வேண்டாம்.

லேபிளில் தேட வேண்டிய நான்கு எழுத்து

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். லாம்பிக் என்றும், செர்ரி ஊறிய கிரீக் என்றும் எழுதிய பாட்டில்களில் கணிசமானவை சர்க்கரையோ இனிப்பூட்டியோ சேர்த்து, சூடாக்கி ஈஸ்ட்டைக் கொன்று விற்பவை. செர்ரிப் பழ சோடா என்று நினைத்துக் குடித்தால் குற்றமில்லை, நானும் வெயில் நேரத்தில் குடித்திருக்கிறேன். ஆனால் நாம் தேடுவது அதுவல்ல. பாட்டிலில் ஓ, யூ, டி, ஈ என்ற நான்கு ஆங்கில எழுத்து, அவுட என்ற சொல், கெஸ் அல்லது கிரீக் என்பதற்கு முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய முறை என்று பொருள். 1997 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்புள்ள பெயர் இது. அவுட கெஸ் என்று போட வேண்டுமானால் கலவையின் சராசரி வயது ஒரு ஆண்டுக்குக் குறையக் கூடாது, அதில் மிக மூத்தது மரத்தில் மூன்று ஆண்டாவது கிடந்திருக்க வேண்டும். சில ஆலைகள் இந்தச் சொல்லைப் போடாமலும் அதே முறையில் செய்கின்றன. பிரஸ்ஸல்ஸின் கான்டியோன் அதற்கு உதாரணம்.

கிரீக் என்பது புளிப்புச் செர்ரி ஊறிய லாம்பிக். ஒரு காலத்தில் பிரஸ்ஸல்ஸுக்குப் பக்கத்து ஸ்கார்பேக் பகுதியின் சிறிய செர்ரிதான் போடுவார்கள். மரங்கள் அருகிவிட்டதால் பெரும்பாலும் வேறு நாட்டுப் பழம். பழத்தைக் கொட்டையோடு போடுவதால் நல்ல கிரீக்கின் கடைசியில் பாதாம் வாசம் ஒன்று வரும். அது பழத்தின் வாசமல்ல, கொட்டையின் வாசம்.

வைப்பதும் திறப்பதும்

அவுட கெஸ் பாட்டிலில் 10 ஆண்டு, 20 ஆண்டு தள்ளிக் காலாவதித் தேதி போட்டிருந்தால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். ஆனால் அது இருட்டில், சீரான குளுமையில் வைத்தால்தான். பேர்சல் ஊரின் ட்ரீ ஃபோன்டெய்னன் ஆலையில் 2009-இல் கிடங்கின் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகி, சூடு ஏறி, பல ஆயிரம் பாட்டில் வெடித்தன. வெடிக்காமல் தப்பியவையும் சூட்டில் கெட்டுப்போயின. உரிமையாளர் அர்மான் டெபெல்டர் அந்தக் கெட்ட பியரைக் காய்ச்சி வடித்துச் சாராயமாக்கி விற்றுக் கடனிலிருந்து மீள வழி தேடினார். ஆலையையே சாய்க்கப் பார்த்த அதே சூடு உங்கள் வீட்டு அலமாரியில் சித்திரையில் சும்மா இருக்காது. குளிர்பெட்டியின் கீழ்த்தட்டு போதும்.

மூடியைத் திறந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பல பாட்டில்களில் சோடா மூடிக்கு அடியில் தக்கை ஒன்றும் இருக்கும். தக்கைத் திருகி இல்லாமல் ஹோட்டல் அறையில் ஒரு பாட்டிலைப் பார்த்துக்கொண்டே தூங்கப் போனவன் நான். இன்னொரு முறை, பையில் வைத்துக் குலுக்கிக் கொண்டுவந்த பாட்டிலை அன்று மாலையே நண்பர் வீட்டு மேசையில் நட்டுவைத்துத் திறந்தேன். தக்கை பாதி வெளியே வந்ததும் அடிமண்டியோடு கால் பாட்டில் பொங்கி மேசைவிரிப்பில் பாய்ந்தது. மீந்ததும் சேறாகக் கலங்கிவிட்டது. பயணம் செய்து வந்த பாட்டிலுக்கு இரண்டு வாரம் ஓய்வு கொடுங்கள்.

படுக்கவைத்திருந்த பாட்டிலைப் படுத்தபடியே திறப்பது பிரஸ்ஸல்ஸ் வழக்கம். அதற்கென்றே பிரம்புக் கூடை ஒன்று உண்டு. பரிசாரகர் பாட்டிலை நிமிர்த்தாமல் கிடங்கிலிருந்து கூடையில் கிடத்திக் கொண்டுவருவார். கழுத்து மட்டும் மேல்நோக்கிக் கொஞ்சம் சாய்ந்திருக்கும். தக்கையைத் திருகி, கடைசி அரை அங்குலத்தில் நிறுத்தி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மூச்சு விடுவது போல் காற்றை மெல்ல வெளியேற்றுவார். டப் என்ற சத்தம் வந்தால் கைப்பழக்கம் போதாது என்று பொருள். பிறகு கூடையோடு சாய்த்து, ஒரே ஓட்டமாக எல்லாக் குவளைக்கும் ஊற்றுவார். பாட்டிலை நடுவில் நிமிர்த்தினால் அடிமண்டி புரண்டு எழும், அதற்காகத்தான் அந்த ஓட்டம். கூடை இல்லாவிட்டால் முந்தின நாளே பாட்டிலை நட்டுவைத்துவிடுங்கள், மண்டி அடியில் உட்கார்ந்துவிடும்.

ஐஸ் போலக் குளிர்வித்தால் புளிப்பு மட்டும் மிஞ்சும், மணம் செத்துவிடும். 10 முதல் 13 டிகிரி நல்லது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, நம் ஊர் வெப்பத்தில் கால்மணி நேரம் வெளியே வைத்தால் அந்தப் பதம் வரும். குவளை மெல்லிய கண்ணாடியாக இருந்தால் போதும், பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம்.

மூக்கு, வாய், தொண்டை

முதலில் மூக்கு. குவளையைச் சுழற்றாமல் ஒருமுறை, சுழற்றி ஒருமுறை. கெஸ்ஸில் எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள் எல்லாம் எளிதில் அகப்படும். அவற்றின் பின்னால் ஒன்று வரும். குதிரையின் முதுகில் போட்ட போர்வை என்று ஆங்கிலத்தில் எழுதும் பியர் விமர்சகர்கள் அதைச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள். குதிரைப் போர்வையை நம்மில் எத்தனை பேர் முகர்ந்திருக்கிறோம்? எனக்கு அது மழையில் நனைந்து வெயிலில் காயும் வைக்கோல்போர். கொஞ்சம் தோல்செருப்பு, கொஞ்சம் தொழுவம். பிரெட்டனோமைசஸ் உண்டாக்கும் ஃபீனால் வகைப் பொருள்களின் வேலை. இது குறையல்ல, ஆனால் மற்ற வாசத்தையெல்லாம் மூடிவிட்டால் குறை.

இனி ஒரு மிடறு. விழுங்க அவசரப்படாமல் நாக்கின் மேல் பரவவிடுங்கள். தயிர்த் தெளிவின் அகலப் புளிப்பு இருக்கிறதா? நல்ல கெஸ்ஸில் அதுதான் முன்னால் நிற்கும். வினிகர் மூக்கில் ஏறுகிறதா? துளி ஏறினால் உயிர்ப்பு, அடித்து ஏறினால் பீப்பாய்க்குள் காற்று புகுந்திருக்கிறது. செந்நிற பியரில் மட்டும் வினிகருக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு. விழுங்கிய பின் ஈறு வறள்கிறதா? மரமும் பழத்தோலும் தந்த துவர்ப்பு அது. பிறகு எண்ணத் தொடங்குங்கள், சுவை எத்தனை நொடி நிற்கிறது என்று. இனிப்பூட்டிய பாட்டிலில் விழுங்கியதும் சர்க்கரை மட்டும் உதட்டில் ஒட்டியிருக்கும். முதிர்ந்த கெஸ்ஸில் புளிப்பு விலகிய இடத்தில் ரொட்டிக் கருகல், வேப்பம்பூத்தேன் போன்ற மெல்லிய கசப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

இங்கே புதியவர்கள் செய்யும் தவறு ஒன்று. சில மாதம் பழகியதும், எது பல்லைக் கூசவைக்கிறதோ அதுவே உயர்ந்தது என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். மிளகாய் எத்தனை கடித்தேன் என்று சவால் விடுகிற விடலைப்புத்தி. பயோட்டன்லாந்தின் பழைய குடிகாரர்கள் மென்மையான லாம்பிக்கைத்தான் தேடுவார்கள். லெம்பேக் ஊரின் போன் ஆலை அவுட கெஸ்ஸைப் புளிப்புக் குறைவு என்று இளைஞர்கள் தள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். பெரிய ஓக் தொட்டிகளில் நிதானமாக முதிர்ந்த அந்தப் பியர்தான் நான் தொடக்கக்காரருக்கு முதலில் சொல்லும் கெஸ். கான்டியோனின் கூர்மை இரண்டாவது வாரத்துக்கு.

உண்மையான குறைகளையும் அடையாளம் காணுங்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாசம், நனைந்த அட்டைப்பெட்டி வாசம், வெண்ணெய் வழியும் வாசம். எல்லாவற்றையும்விடத் தந்திரமானது எலி வாசம். முகர்ந்தால் தெரியாது, வாயில் இருக்கும்போதும் தெரியாது. விழுங்கிச் சில நொடி கழித்து, எச்சில் புளிப்பைத் தணித்த பிறகு, எலிப்பொந்தும் நமுத்த பிஸ்கட்டும் சேர்ந்தது போல நாக்கின் பின்புறம் எழும். அந்தப் பாட்டிலைச் சில மாதம் வைத்திருந்தால் சில சமயம் தானாக மறையும். சிலருக்கு இந்த வாசம் தெரியவே தெரியாது. கொடுத்துவைத்தவர்கள்.

கூடவே என்ன

பிரஸ்ஸல்ஸில் இதற்குத் துணை தடித்த ரொட்டித் துண்டில் பூசிய வெள்ளைப் பாலாடைக்கட்டி, மேலே முள்ளங்கி வில்லையும் வெங்காயத்தாளும். பாலின் கொழுப்பு புளிப்பைத் தாங்கும், முள்ளங்கியின் காரம் நாக்கை எழுப்பும். சிப்பியைக் கெஸ் விட்டு வேகவைப்பதும் உண்டு. பழைய மதுக்கடைகளில் புளிப்பு தாங்காதவருக்குச் சர்க்கரைக் கட்டியும், அதைக் குவளையடியில் நசுக்கச் சின்ன உலோகக் குத்துக்கோலும் தருவார்கள். ஸ்டும்பர் என்று பெயர். அதைக் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை, ஆனால் மூன்று மிடறு கழித்துக் கேளுங்கள்.

நேரில் போகிறவர் பிரஸ்ஸல்ஸ் தெற்கு ரயில் நிலையத்திலிருந்து நடந்தே கான்டியோன் ஆலைக்குப் போய்விடலாம். 1900-இல் தொடங்கியது, 1978 முதல் அருங்காட்சியகமாகவும் இயங்குகிறது. பீப்பாய்களுக்கு இடையில் சிலந்திவலையைத் துடைக்காமல் விட்டிருப்பார்கள், சோம்பலில்லை. பழத்துக்கு வரும் ஈக்களைச் சிலந்தி பிடித்துக்கொள்ளும். பயோட்டன்லாந்துக்குள் எய்சரிங்கன் கிராமத்தில் ‘பெருந்தாகத்துக்கு எதிரான காப்பீடு’ என்று பெயர் கொண்ட மதுக்கடை ஒன்று, ஞாயிறு காலைகளில் திறப்பதற்குப் பேர்போனது. கிழமை பார்த்துப் போங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை லாம்பிக் ஆலைகள் பல ஒரே வார இறுதியில் கதவைத் திறந்துவைத்து, ஊர் ஊராகப் பேருந்தும் விடுகின்றன. அந்த வாரம் அறை கிடைப்பது கடினம்.

நான்கு பேருக்கு ஒரு மாலை

நான்கு பேர், மூன்று பாட்டில். தனியாகக் குடிக்க வேண்டாம், 5 முதல் 7 சதவீத ஆல்கஹால்தான் என்றாலும் இந்தப் புளிப்பு வெறும் வயிற்றைச் சும்மா விடாது. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் மேசைக்கு முதலில் வரட்டும். ரோடன்பாக் முதலில், அவுட கெஸ் அடுத்து, அவுட கிரீக் கடைசியில். இடையிடையே வெந்நீர் ஒரு வாய். பச்சைத் தண்ணீரைவிட அது நாக்கைச் சீக்கிரம் துடைக்கிறது. முதல் சுற்றில் யாரும் பேசக் கூடாது, அவரவர் தாளில் மூன்று சொல் எழுதட்டும். பேசத் தொடங்கினால் குரல் பெரியவர் சொன்னதே எல்லாருக்கும் தெரியும். தமிழிலேயே எழுதட்டும். அத்தை வீட்டுப் புளிக்காய்ச்சல் என்று ஒருவர் எழுதினால் அதுதான் சரியான குறிப்பு, அவருக்கு அந்தப் பியர் இனி மறக்காது.

கெஸ் முடிந்ததும் குவளைகளைக் கழுவ எடுத்துப் போகாதீர்கள். மேசை ஓரத்தில் ஒதுக்கிவைத்துவிட்டு கிரீக்கைத் திறங்கள். அரைமணி நேரம் கழித்து, அடியில் உலர்ந்த ஒரு வட்டம் மட்டும் மிஞ்சியிருக்கும் குவளையில் மூக்கை வையுங்கள். வைக்கோலும் எலுமிச்சையும் போயிருக்கும். பழைய மரப்பெட்டியைத் திறந்த வாசம் ஒன்று இருக்கும், பீப்பாயின் வாசம்.